தாம்பாளத்தில் வைத்த சிடி

6.10.2003, திங்கள்

பேப்பரில் எங்கள் படம்! பாத்திரக் கடை மாடியில் நாங்கள் இலவசமாக நடத்தும் கம்ப்யூட்டர் சென்டர், மாவட்டச் செய்திப் பக்கத்தில். சனிக்கிழமை ஆயுத பூஜைக்கு நிருபர் பரந்தாமன் வந்து எடுத்தது. எல்லா மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம், பூ. என்னோடு பாடம் எடுக்கும் காமேஸ்வரியின் கைவண்ணம். நான் சர்ச்சுக்குப் போகிறவள். பூஜையில் என் பங்கு சுண்டல் தின்றது மட்டும்.

அதே நாள், மாலை

ஐயோ. இப்போதுதான் கவனித்தேன். சிடியும் ஆயுதம்தானே என்று காமேஸ்வரி அதையும் தாம்பாளத்தில் வைத்துப் பொட்டு இட்டிருக்கிறாள். அதன்மேல் மார்க்கரில் என் கையெழுத்து: 'விண்டோஸ் – காப்பி'. படத்தில் பளிச்சென்று தெரிகிறது. எங்கள் மெஷின் எல்லாவற்றிலும் ஓடுவது அந்தத் திருட்டு காப்பிதான். நாங்களே படம் பிடிக்க வைத்து ஊருக்குக் காட்டியிருக்கிறோம்!

8.10.2003

அரக்கோணத்தில் ரெய்டாம். ஒரு சென்டரில் கம்ப்யூட்டர்களையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். மாடியை வாடகையில்லாமல் கொடுத்த கடைக்காரர் பக்தவச்சலம் பேப்பரும் கையுமாக வந்தார். "பிரிஸில்லா டீச்சர், மேல சீல் வச்சா கீழ என் கடைக்கும் சேர்த்து வச்சிருவாங்க. தீபாவளிக்குள்ள காலி பண்ணிடுங்க."

மாடி போனால் சென்டரே போச்சு. ஒரிஜினல் விலையை விசாரித்தோம். எங்கள் பழைய மெஷின்களை விற்றாலும் கட்டாது. தறி வேலைக்கு நடுவில் ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ் ஏறிப் படிக்க வருகிற ரஞ்சிதம் அக்காவிடம் என்ன சொல்ல? ஏ பிரிஸில்லா, அந்த மார்க்கர எதுக்குடி எடுத்தே? யார் கேட்டா?

10.10.2003

வெள்ளைச் சட்டை, கைப்பை, ஒரு ஆள் படியேறி வந்தார். "இங்க இன்சார்ஜ் யாரும்மா?" காமேஸ்வரி மலைக்கோயில் மடைப்பள்ளிக் குடும்பத்துப் பெண். சட்டென்று சிடியைத் தன் புளிசாதத் தூக்கில் புதைத்துவிட்டாள். வந்தவரோ பேப்பரில் எங்கள் படத்தைப் பார்த்து மகளைச் சேர்க்க வந்தவர்! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவர் போன பிறகு சிடியைத் தோண்டி எடுத்துக் கழுவினேன். இப்படிப் பயந்துகினே பாடம் நடத்தணுமா?

12.10.2003, ஞாயிறு

காமேஸ்வரியின் அக்கா வீட்டுக்காரர் கிரிதர், அவளுக்குப் பாவா, சென்னையிலிருந்து ரயிலில் வந்தார். கையில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் சிடி. "எத்தினி காப்பி வேணா போட்டுக்கலாம், இத செஞ்சவங்களே எழுதிக் குடுத்துகிறாங்க" என்றார். எல்லா மெஷினையும் அழித்து அதைப் போட்டோம். மெனு தமிழில் வருகிறது. பிரிண்டர் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

14.10.2003

புது மெனுவில் எனக்கே தடவல். ரஞ்சிதம் அக்கா உரக்கப் படித்தார்: "கோப்பு." பிறகு என்னைப் பார்த்து, "ஆங், ஆபீஸ்ல காணோம் காணோம்னு சொல்வாங்களே, அதானே டீச்சர்?" வகுப்பே சிரித்தது.

17.10.2003

பிரிண்டர் மனமிறங்கியது.

20.10.2003

பக்தவச்சலம் ஏறி வந்தார். எல்லாத் திரையையும் காட்டினேன். "நிஜமாவே யாரும் வர மாட்டாங்களா?" "வந்தா சேர் போட்டு உக்கார வைக்கலாங்க." கீழே யாரோ குடம் விலை கேட்க, இறங்கிப் போய்விட்டார். இருக்கலாமா, காலி பண்ணணுமா, தெரியவில்லை.

27.10.2003

தீபாவளி முடிந்தது. காலி பண்ணச் சொல்லி யாரும் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

23.10.2004

இந்த வருஷப் பூஜையும் முடிந்தது, அதே மாடியில். தாம்பாளத்தில் புது சிடி, அதே மார்க்கர், என் கையெழுத்து: 'காப்பி எடுக்கலாம்'. பரந்தாமன் கேமராவைத் தூக்கியதும் பக்தவச்சலம் ஓடிப்போய் சிடிமேல் கிடந்த பூவை விலக்கினார்.

"கிட்ட வந்து எடுப்பா. எழுத்து நல்லா தெரியணும்."