உயிரோடு பிடித்த நீலக்கோழி

1964 ஜனவரி 10, வெள்ளி. மூதூர்.

காலையில் தூறல். சைக்கிள் முன் சில்லில் காற்றில்லை. ஒட்டுவித்து வெளிக்கிட எட்டரை.

ஹனிபா காக்காவின் வயல் (இங்கே அண்ணனுக்குக் காக்கா), கிளிவெட்டிக்கு இந்தப் பக்கம், வில்லுக்குளத்தை ஒட்டி. இரண்டு ஏக்கர். நெல் குடலைப் பருவம், கதிர் இன்னும் தாளுக்குள். குளத்துப் பக்கம் முழுக்க அழிவு. நீலக்கோழியின் வேலை. தாளை அடியில் கடித்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும். ஒரு வாய்க்கு ஒரு கதிர்.

"முந்தின வருசம் மழையில்ல. போன வருசம் வெள்ளம். இந்த வருசம் எல்லாம் சரி எண்டு இருக்கக்குள்ள கோழி வந்திட்டு," என்றார் காக்கா. "விவசாயப் போதனாசிரியர் எண்டு பேர் வெச்சிருக்கீங்க. எதையாவது போதியுங்க ஐயா."

அவர் மனைவி சபியாவுக்குப் பகல் முழுக்க வரம்பில் நின்று கூவிக் கூவித் தொண்டை கட்டிவிட்டது. கையால்தான் கதைத்தா. இதுவும் போனால் காணியை விட்டுவிட்டுக் கந்தளாய்க்குக் கூலிக்குப் போவதுதான், என்று காக்கா சொன்னார். அவ தலையாட்டினா.

கோழியை ஒழிக்க மருந்து கேட்டு விவசாயக் கந்தோருக்கு எழுதிப் போட்டேன்.

குளத்தில் இன்று: நாமக்கோழி, பெருங்கூட்டம், நெற்றியில் வெள்ளைப் பட்டை. தாழைக்கோழி ஏழு. கானாங்கோழி இரண்டு. நீலக்கோழி எண்ண முடியவில்லை. காடை அளவில் ஒன்று, புல்லுக்குள் ஓடிவிட்டது, பெயர் தெரியாது. எல்லாம் ஒரே குடும்பம். எதுவும் ஒழுங்காகப் பறக்காது, ஆனால் எல்லா இடத்திலும் இருக்கும்.

குளிக்கச் சவர்க்காரம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜன. 13, திங்கள்

விடாத மழை. வெளியே போகவில்லை. திருகோணமலை ஏலத்தில் எடுத்த பறவைப் புத்தகத்தோடு இருந்தேன். ஆரோ வெள்ளைக்காரக் கடற்படைக்காரர் விட்டுப் போனது. ஓரத்தில் பென்சில் குறிப்புகள்.

பனிக்கண்டம் தவிர உலகம் முழுக்க இந்தக் குடும்பம். குறித்து வைப்பதற்கு:

- தென்னமெரிக்க மலை ஏரியில் ஒரு நாமக்கோழி. தண்ணீருக்குள் கல்லுக் கல்லாகக் கொண்டுவந்து கொட்டித் தனக்கென்று ஒரு தீவு கட்டும். மேலே கூடு.
- அட்லாண்டிக் நடுவில் ஒரு சின்னத் தீவு. அங்கே கோழிக்குஞ்சு அளவில் ஒன்று. பறக்காது.
- வேக் தீவில் ஒன்று. யுத்தத்தில் சாப்பாடு வராமல் கிடந்த சிப்பாய்கள் பிடித்துத் தின்றே முடித்துவிட்டார்கள்.
- நியூசிலாந்தில், எங்கள் நீலக்கோழியின் பெரியப்பா மகன். பெரிய உடம்பு, பறக்காது. அழிந்து போனது என்று எழுதி மூடியபிறகு ஒரு மலைப் பள்ளத்தாக்கில் கண்டுபிடித்தார்களாம். இப்போது அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் காவல்.

பின்னேரம் கந்தோர் ஆள் வந்தான். மருந்து அனுமதித்திருக்கிறார்கள். நெல்லோடு கலந்து வைக்க வேண்டும். அங்கே காவல், இங்கே மருந்து. என் கையெழுத்து வேண்டுமாம். போட்டேன்.

ஜன. 15, புதன்

பொங்கலன்று நஞ்சு வைக்க மனம் வரவில்லை. ஒரு நாள் தள்ளி இன்று வைத்தேன். குளத்தோரம் எட்டு இடம். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் மணம் போகவில்லை.

அக்கம்பக்கத்து வயல்காரர்களையும் கூப்பிட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னேன். செத்துக் கிடக்கிற கோழியை ஒருவரும் தின்னக்கூடாது. குழி வெட்டித் தாட்டுவிட வேண்டும். நாய்க்கும் போடக்கூடாது.

காக்கா சிரித்தார். "செத்தத நாங்க எப்பிடியும் தின்ன மாட்டம் ஐயா. எங்களுக்கு அது ஹராம். நீங்க உங்கட ஆக்களுக்குச் சொல்லுங்க."

நானும் சிரித்தேன். அப்படியென்றால் இந்தப் பக்கம் பயமில்லை என்று சொன்னேன்.

ஜன. 17, வெள்ளி

நோன்பு தொடங்கிவிட்டது. கடைகள் பாதி பூட்டு, தேத்தண்ணி கிடையாது.

வயலில் பத்தொன்பது. எல்லாம் நீலக்கோழி இல்லை. கானாங்கோழி மூன்று, தாழைக்கோழி ஒன்று. பெயர் தெரியாத அந்தச் சின்னதும் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கோடு. புத்தகத்தில் தேடவில்லை. தேட விருப்பமில்லை.

காக்கா குழி வெட்டினார். நெல் தப்பிவிடும் என்றார். சபியாவுக்குக் குரல் இன்னும் வரவில்லை.

ஜன. 18, சனி

ஏழு மணிக்கு ஆள் வந்து சொன்னது. சபியாவுக்கு வயிற்றாலே போகிறது, சத்தி எடுக்கிறா, வாயால் தண்ணீர் வடிகிறது. முதலில் நோன்புக் களை என்று படுக்க வைத்திருக்கிறார்கள். நான் போனபோது கண்மணி கடுகு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. போத்தலோடு வந்த தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

"என்ன சாப்பிட்டவ?"

"விடிய முன்னம் சஹருக்குச் சூப்பு குடிச்சா. தொண்டைக்கு நல்லமெண்டு நான்தான் வெச்சுக் குடுத்தன். நான் கஞ்சி குடிச்சன்."

"என்ன சூப்பு காக்கா?"

"கோழிச் சூப்பு. நீலக்கோழி."



"செத்ததில்ல ஐயா. ரெண்டு வயல் தள்ளி வரம்பில ஓட ஏலாம நிண்டிச்சு. கால் முறிஞ்சதெண்டு நினைச்சன். நல்ல உயிர். நான்தான் அறுத்தன்."

மூதூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, உடனே திருகோணமலைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். வாடைக் காற்று. குடாவைக் கடக்கிற லாஞ்சு ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் கட்டவிழ்த்தது. நான் துறையில் நின்று லாஞ்சுச் சாரதியை ஏசினேன். கடலுக்கு அவன் என்ன செய்வான்.

லாஞ்சில் அவவின் தலை காக்காவின் மடியில். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அலை அடிக்கும்போதெல்லாம் அவர் கையால் அவவின் முகத்தை மறைத்தார்.

"ஐயா, ஒண்டு கேக்கன். நான் அறுத்ததில பிழையோ? பிஸ்மி சொன்னன். மக்காப் பக்கம், கிப்லாவுக்குத்தான் திருப்பினன். கத்தி கொஞ்சம் மொட்டை. அதுதான் யோசினையாக் கிடக்கு."

"அறுத்ததில் ஒரு பிழையும் இல்லை காக்கா. மருந்து அதின்ர உடம்புக்குள்ள. உயிரோட பிடிச்சாலும் தின்னக்கூடாது எண்டு நான் சொல்லியிருக்க வேணும். பிழை என்னில."

"உசிரோட நிக்கிறதுக்குள்ள நஞ்சு இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்," என்றார்.

எனக்குத் தெரியும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

துறைமுக வாய்க்குள் வந்து காற்று அடங்கினபோது சபியா போய்விட்டா. அதே லாஞ்சில் திரும்பினோம். பின்னேரம் அடக்கம். மையவாடி வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே வரச் சொன்னார்கள். போகவில்லை.

ஜன. 20, திங்கள்

அறிக்கை எழுத வேண்டும். படிவத்தில் கட்டங்கள்: பயிர், ஏக்கர், பீடை, அழித்த தொகை. சபியாவை எழுத ஒரு கட்டமும் இல்லை. ஓரத்தில் எழுதினேன். கந்தோர் எழுதுவினைஞர் படித்துவிட்டு, "இதை மேலிடம் கேட்கேல்லையே சேர்," என்றார். அப்படியே அனுப்பச் சொன்னேன்.

அனுப்பினாரோ தெரியாது.

சோறு இறங்கவில்லை. கை மணக்கிறது. மற்றவர்களுக்கு மணக்கவில்லையாம்.

ஜன. 27, திங்கள்

வெயில். ஒரு கிழமையாக அந்தப் பக்கம் போகாமல் ஒளித்துத் திரிந்துவிட்டு இன்று போனேன்.

கதிர் எட்டிப் பார்க்கிறது. நீலக்கோழி திரும்பி வந்துவிட்டது. முன்பைவிடக் கூட. ஹனிபா காக்கா நோன்போடு தனியாக வரம்பில் தகரம் தட்டிக்கொண்டு நிற்கிறார். நானும் ஒரு தகரம் எடுத்து மற்றப் பக்கம் நின்றேன். நான் தட்ட அவர் பக்கம் இறங்கும். அவர் தட்ட என் பக்கம். பயமே இல்லை. சிவப்புச் சொண்டை ஆட்டிக்கொண்டு, வாலை அடித்துக்கொண்டு, தங்கள் வீட்டில் நடக்கிறமாதிரி நடக்கின்றன.

உச்சி வெயிலில் இருவரும் மருத மரத்தடியில் குந்தினோம். அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை, நானும் குடிக்கவில்லை.

"ஐயா," என்றார், என்னைப் பார்க்காமல். "அந்த மருந்து மிச்சம் இருக்கா?"

என் குவாட்டஸ் அலுமாரியில் இரண்டு போத்தல் இருக்கிறது.

"இல்லை காக்கா."

"அப்ப சரி," என்று சொல்லித் தகரத்தை எடுத்துக்கொண்டு எழும்பினார்.