சமைத்தவர் என்ன சாப்பிட்டார்?

என் அன்பு எஸ்தர் அக்கா,

போன சனிக்கிழமை கோவிலம்பாக்கத்தில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். நீ போன பிறகு நான் வெளியே உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான். தனியாக உள்ளே நுழையக் கூச்சமாக இருந்தது என்றால் சிரிப்பாய். ஐம்பது வயதுக்காரனுக்கு என்ன கூச்சம்?

தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஆனாலும் நல்ல சாப்பாடு என்றால் தி.நகருக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீதான் சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, என் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்து, பெயர்ப்பலகைகூட இல்லாத கடைகளாகப் பார்த்து நிறுத்தச் சொன்னாய். மெனு கார்டைத் தொடமாட்டாய். நேராகச் சமையற்கட்டு வாசலுக்குப் போய், "நீங்க இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பாய். அவர்கள் தங்களுக்கென்று செய்தது எதுவோ, அதுவே நம் இலைக்கும் வரும்.

அந்தக் கேள்வியால் என்னவெல்லாம் கிடைத்தது! கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கத்துப் பரோட்டாக் கடையில் மாஸ்டர் தனக்கென்று வைத்திருந்த கொள்ளு ரசம். பள்ளிக்கரணையில் பிரியாணி போடுகிற பாய், பிரியாணியைத் தொடவே மாட்டார். தயிர்சோறும் கத்திரிக்காய்த் தொக்கும்தான் அவருக்கு. அப்படி ஒரு கத்திரிக்காயை நான் எந்தப் பெரிய ஓட்டலிலும் கண்டதில்லை. என் அக்காவின் சாமர்த்தியம் யாருக்கும் வராது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஒரே பேஜார், நீ சாப்பிட எடுத்துக்கொள்ளும் நேரம்தான். நான் கை கழுவி, வண்டியைக் கிளப்பி, வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் நீ இலை முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பாய். மாஸ்டரோடு அப்படி என்ன பேச்சோ என்று எரிச்சலாக வரும்.

அப்புறம் அந்த நாள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததற்காக மேனேஜரை நம்மோடு சாப்பிட அழைத்திருந்தேன். மேடவாக்கத்தில் ஏசி ஓட்டல். நீ வழக்கம்போல எழுந்து சமையற்கட்டைப் பார்த்து நடந்தாய். கையைப் பிடித்து இழுத்து, "மானத்தை வாங்காதக்கா" என்றேன். நீ சிரித்துவிட்டு உட்கார்ந்தாய். மெனு கார்டைக் கையில் எடுத்தாய். அதற்குப் பிறகு என் முன்னால் நீ அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

அதனால்தான் கோவிலம்பாக்கம் போனேன். ஒரு தடவையாவது நானே வாய்திறந்து அதைக் கேட்டுவிட வேண்டும் என்று.

கடைக்காரம்மா பெயர் செல்வி. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்தவர். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மணி மூன்றாகியிருந்தது, கடையில் நான் மட்டும்தான். சோறு போட்டுக் குழம்பு ஊற்றியபோது கேட்டுவிட்டேன்.

"ஏன் சார், கொழம்புல எதுனா கொறையா?"

இல்லை, சும்மாதான் கேட்டேன் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் இன்னும் துன்னல சார். காலைல ஒரு டீ குட்ச்சதுதான். கடைசி ஆள் எழுந்தாத்தான் நமக்கு சோறு."

அந்தக் கடைசி ஆள் நான்தான், அக்கா.

தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள், எனக்கு ஒரு அவசரமும் இல்லை என்றேன். தயங்கிவிட்டு, தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த காரப்பொடி மீன் குழம்போடு எதிரில் வந்து உட்கார்ந்தார். காரப்பொடி என்பது, முள் அதிகம் என்று கடைக்கு வருகிறவர்களுக்குப் போடாத சின்ன மீன். என் இலையிலும் நாலு வைத்தார். மாங்காய் போட்ட அந்தக் குழம்பைச் சொல்ல எனக்கு வாய் போதாது. நீ இருந்திருந்தால் இரண்டாவது முறை சோறு கேட்டிருப்பாய்.

சாப்பிட்டு முடித்தும் நான் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தால் அவரும் பாதியில் எழுந்துவிடுவார். அப்போதுதான் கூடுவாஞ்சேரி மாஸ்டர் உன் எதிரில் தட்டோடு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. நல்ல சாப்பாடு கண்டுபிடிக்கத்தான் கேட்கிறாய் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இனி சனிக்கிழமைதோறும் போவேன். அடுத்தது அந்த மேடவாக்கத்து ஏசி ஓட்டல். கூட யார் இருந்தாலும் சமையற்கட்டு வாசலில் நின்று கேட்பேன். சமைத்தவர் எதிரில் சாப்பிட்டுக் கை கழுவும்வரை உட்கார்ந்திருப்பேன். ஹாரன் அடிக்க மாட்டேன், அக்கா.

உன் தம்பி,
ஜெபா