பிரிக்காமல் கொடு

ஜனவரி 12

அன்புள்ள குட்டைக்கு,

நம் இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒப்பந்தம் போட்டு ஒரு வருடம் ஆகிறது. இப்போதுதான் உருப்படியாக ஒரு காரியம் நடக்கிறது. என் மாணவர்கள் பதினெட்டுப் பேர் உன் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்கள் இத்துடன். எல்லாம் அவர்களே எழுதியவை. வகுப்பில் வாயே திறக்காததுகள்! அதிலும் லிஃப்ட் மெக்கானிக் மகள் எழுதியதைப் பார். அடுத்த மாதம் திரையில் நேருக்கு நேர் பேசத்தானே போகிறார்கள்.

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மறந்துவிட்டாயா?

உன் நெட்டை

பிப்ரவரி 20

நெட்டை,

மறக்கவில்லையடி. திருத்தவேண்டிய தாள்கள் மேசை கொள்ளாமல் கிடக்கின்றன.

மெக்கானிக் மகளின் கடிதத்தில் எவ்வளவு சுத்தமான ஆங்கிலம்! அவளுக்கு ஜோடியான என் மாணவி ஆசையாகக் காத்திருந்தாள். நேற்று திரையில் அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லவே திணறினாள். என்னுடையவள் பட்டென்று கேட்டுவிட்டாள்: "உனக்கு வேற யாராவது எழுதிக் கொடுத்தாங்களா?" அவள் தலை குனிந்ததை நீயும் பார்த்தாய்.

ஹாஸ்டலில் என் லீவு லெட்டரைக்கூட நீ திருத்தாமல் விட்டதில்லை. அதனால் கேட்கிறேன். நீ எழுதினாயா?

குட்டை

மார்ச் 3

குட்டை,

ஆமாம். முதலில் சிவப்பு மையில் நாலு திருத்தம்தான். பிறகு, துறைத்தலைவர் பார்ப்பாரே என்று இன்னும் கொஞ்சம். கடைசியில் நான் எழுதியதைப் பார்த்துப் படி எடுத்தார்கள். பதினெட்டும் அப்படித்தான். உனக்குப் பொய் எழுதினேன்.

திரையில் பேசிய அன்று மாலையே மெக்கானிக் மகள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். "மேடம், அந்தப் பொண்ணு பேச வந்தது உங்ககூட. அடுத்த தடவை நீங்களே உக்காந்துடுங்க. என் பேரை எடுத்துடுங்க" என்றாள். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

அவளுடைய முதல் தாளை டிராயரில் தேடி எடுத்தேன். பதினோரு வரி. அப்பா லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கும்போது, மேலே யாரும் பட்டனை அழுத்திவிடாமல் இவள் காவல் நிற்பாளாம். அதை அடித்துவிட்டு, 'என் பொழுதுபோக்கு, புத்தகம் படிப்பது' என்று எழுதியிருக்கிறேன்.

இதையே அனுப்பலாமா என்று கேட்டேன். "நானே மறுபடி எழுதித் தரேன். அந்த சிவப்புப் பேனாவை மட்டும் எங்கிட்ட கொடுத்துடுங்க" என்றாள். கொடுத்தேன். அவள் கடிதம் இத்துடன். நான் படிக்கவில்லை.

நெட்டை

மார்ச் 24

நெட்டை,

அவள் மறுபடி எழுதிய கடிதத்தை என் மாணவி இரண்டு முறை படித்தாள். பதில் எழுதி, உறையை ஒட்டியே என்னிடம் கொடுத்தாள். இத்துடன் இருக்கிறது. பிரிக்காமல் மெக்கானிக் மகள் கையில் கொடு.

மற்ற பதினேழு பேரின் சொந்தக் கடிதங்களுக்கும் காத்திருக்கிறேன்.

குட்டை