கடலுக்கடியில் போய்வந்த அத்தைக்கு

அன்புள்ள அத்தை,

இன்று மத்தியானம் ஆபீசில் பக்கத்து மேசைப் பையன் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்தான். உள்ளே முக்குளிப்பவர்கள் அணியும் மாஸ்க். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி, சுற்றிலும் கறுப்பு சிலிக்கான். அந்தப் புது ரப்பர் வாடை என் மேசை வரைக்கும் வந்தது. அடுத்த மாதம் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளப் போகிறானாம். சம்பளம் போதாது, எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரியவில்லை என்றான்.

அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழு. கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால்தான் அது உன் மாஸ்க். கண்ணாடியின் உட்பக்கத்தைப் பற்பசை போட்டுத் தேய்த்துவிடு, இல்லாவிட்டால் புகை மாதிரி மூடிக்கொள்ளும். காலுக்குத் துடுப்பு இப்போது வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஈரச் சாமான் கொண்டுவர வெங்காயம் வருகிற வலைப்பை போதும். பையன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க எத்தனை டைவ் பண்ணியிருக்கீங்க சார்?"

"ஒண்ணுகூட இல்ல. எங்க மாமியார் ஒண்ணு பண்ணியிருக்காங்க."

கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். இப்போது வீட்டுக்குத் திரும்பும் மாரிக்குப்பம் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்திருக்கிறது. உங்களுக்கு எழுத வேண்டும் போல் இருக்கிறது.

மாமா இறந்து ஒரு வருஷம் முடிந்திருந்த சமயம். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பு வீட்டில், உங்கள் மகள் ஜெசியின் போனில் ஏதோ கடல் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தீர்கள். "இதுக்கு நம்மள மாதிரி ஆளுங்கள விடுவாங்களா மாப்ள?" என்று கேட்டீர்கள். விளையாட்டுக்குக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு கோயில் விட்டு வந்ததும் மறுபடி கேட்டீர்கள். அப்போதுதான் ஏன் என்று விசாரித்தேன்.

"உங்க மாமா அத்தினி வருஷம் கீழ போனாரு. பொம்பளைங்கள சுரங்கத்துக்குள்ள விட மாட்டாங்க. கீழ எப்டி இருக்கும்னு கேட்டா, இருட்டா இருக்கும்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவாரு. அவரு மாதிரி நானும் ஒரு வாட்டி கீழ போய்ப் பாக்கணும் மாப்ள. சுரங்கத்த மூடிட்டாங்க. கடல மூட முடியாதில்ல."

ஜெசிக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை. நர்ஸ் வேலையில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆகவே துணைக்கு நான். தொட்டித் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்குகிறவன்.

பெங்களூரில் அந்தக் கடைக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் முழு செட்டையும் கண்ணாடி மேசைமேல் பரப்பிவிட்டார். நீங்கள் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் கத்தரிக்காய் பொறுக்குவது போல் ஒவ்வொரு மாஸ்க்காக எடுத்து அழுத்திப் பார்த்தீர்கள். விலை உயர்ந்தது ஒன்றும் உங்கள் முகத்தில் நிற்கவில்லை. கடைவாய்ப் பல் போன பக்கம் கன்னம் உள்வாங்கியிருந்ததால் அந்த வழியாகக் காற்று புகுந்தது. கடைசியில் மூலையில் கிடந்த, எல்லாவற்றிலும் மலிவான கறுப்பு மாஸ்க் கச்சிதமாக ஒட்டியது. கையை விரித்துக் காட்டியபடி என் பக்கம் திரும்பி, மூக்கடைத்த குரலில் "மாப்ள, நிக்குது பாருங்க" என்றீர்கள். கடையில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அந்த மாஸ்க்கும் ஒரு ஸ்நார்க்கல் குழாயும்தான் வாங்கினோம். உடுப்புக்கு முழுக்கை பனியனும் லெக்கின்ஸும் ஆண்டர்சன்பேட்டையிலேயே கிடைத்தன. மாஸ்க்குக்குப் பெட்டி, மாமாவின் பழைய டிபன் டப்பா. இப்படியே சிக்கனமாகப் போகலாம் என்று நானும் உற்சாகமாகி, வாயில் கடித்து மூச்சு விடுகிற ரெகுலேட்டர் ஒன்று பழசாக, பாதி விலைக்கும் கீழே போனில் விற்பனைக்கு வந்ததைக் காட்டினேன். நீங்கள் போனை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"மூச்சு விடற சாமான்ல மட்டும் மலிவு பாக்க வேணாம் மாப்ள. சுரங்கத்துக்குள்ள எறக்குற கேஜ் கயித்த அன்னிக்கு ஒருத்தன் பாத்துச் சரின்னு சொன்னாதான் மாமா அதுல ஏறுவாரு. இந்தப் பழச யாரு பாத்தாங்க?"

யாரும் பார்க்கவில்லை. சிலிண்டரும் ரெகுலேட்டரும் மிதவைச் சட்டையும் பயிற்சி நிலையத்திலேயே எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. டாக்டர் நெஞ்சையும் காதையும் சோதித்துச் சரி என்றார்.

பழகுவதற்கு நமக்கு ஏது நீச்சல் குளம்? தண்ணீர் வருகிற அன்று பின்கட்டு டிரம் நிரம்பியதும், நீங்கள் மாஸ்க்கும் குழாயும் மாட்டிக்கொண்டு முகத்தை அதில் அமிழ்த்தி நிற்பீர்கள். வாயால் மட்டும் மூச்சு விடப் பழகுகிறீர்களாம். சர்க்கரை கேட்க வந்த பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, நீங்கள் டிரம்முக்குள் விழுந்துவிட்டீர்கள் என்று நினைத்து இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும், "இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்று அவர் கேட்க, "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றீர்கள். பிறகு அதே தண்ணீரில் பாத்திரம் கழுவினீர்கள்.

முருடேஸ்வரம் கடற்கரையில் படகு ஏறும்போது நான்தான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். பயிற்சியாளர் ஒரு கன்னடக்காரப் பையன். உங்களை வாய்க்கு வாய் அம்மா என்றான். முதல் முறை நீங்கள் தலையை அமிழ்த்திய வேகத்தில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது. இருமிக்கொண்டே மேலே வந்தீர்கள். கண் சிவந்து, உப்பு நீர் மூக்கால் வழிந்தது.

"போதும் அத்தை, ஏறி வாங்க. ஜெசிக்கு நான் பதில் சொல்லணும்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மாப்ள" என்றீர்கள்.

பையன் "நிதானா அம்மா, நிதானா" என்று சொல்லிக்கொண்டே மாஸ்க்கின் ஓரத்தைத் தடவினான். நெற்றி நரைமுடி நாலைந்து ஓரத்தில் சிக்கியிருந்தது. அவற்றை எடுத்து வெளியே ஒதுக்கினான். நீங்கள் இரண்டு முறை மூச்சு இழுத்துவிட்டு அவனுக்குத் தலையாட்டினீர்கள். பிறகு உங்கள் தலை மறைந்துவிட்டது.

படகில் மற்றவர்கள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். நான் குமிழி வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழி சற்று நகர்ந்தால் நானும் படகில் அந்தப் பக்கம் நகர்ந்தேன். சுரங்கத்தில் விபத்து என்று சங்கு ஊதியதும், ஆட்கள் இறங்கும் ஷாப்ட் வாசலில் நீங்களும் மற்றப் பெண்களும் நின்ற நாட்களை ஜெசி எனக்குச் சொல்லியிருக்கிறாள். கேட்டபோது அது எனக்கு ஒரு கதையாகத்தான் இருந்தது.

நீங்கள் மேலே வந்ததும் கைகொடுத்துத் தூக்கினேன். சிரித்தபடி வருவீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். "இன்னா அத்தை, மீன் பாத்தீங்களா? பயந்துட்டீங்களா? மூச்சு முட்டுச்சா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் கையை மட்டும் லேசாக உயர்த்தினீர்கள். கரை வந்து சேரும்வரை ஒரு வார்த்தை இல்லை. ஏதோ ஆகிவிட்டது, அழைத்து வந்திருக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

கரையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாதி டீ குடித்த பிறகுதான் வாய் திறந்தீர்கள்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. பேச்சு வரல. மீனெல்லாம் நெறைய இருந்துச்சு. ஆனா கீழ நம்ம மூச்சுச் சத்தம் மட்டும்தான். அதையே கேட்டுக்கினு இருந்தேன். மேல வந்தா எல்லாரும் ஒரே நேரத்துல பேசறீங்க. எனக்கு வாய் எழும்பல."

மீதி டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

"உங்க மாமா ஷிப்ட் முடிஞ்சு வந்து வாசப்படில உக்காந்துக்குவாரு. நான் போய் நிப்பேன். ரேசன் வாங்கல, புள்ளைக்கு ஃபீசு கட்டல, ஒண்ணொண்ணா சொல்லிக்கினே இருப்பேன். அவரு வாயத் தொறக்க மாட்டாரு. வெளக்கு வைக்கிற வரைக்கும் அப்டியே உக்காந்திருப்பாரு. என்னைப் புடிக்கலன்னு நெனச்சேன் மாப்ள. அவரு போய் சேர்ற வரைக்கும் அப்டிதான் நெனச்சேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள்.

"புடிக்காம இல்ல. கீழருந்து வந்தா பேச்சு வர நேரம் ஆவுது. அவ்ளோதான்."

ஊருக்கு வந்ததும் ஜெசியிடம் இதைத்தான் முதலில் சொன்னீர்கள். ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றாமல் நின்றபடி கேட்டாள். அப்பாவுக்குத் தன்மேலும் ஏதோ கோபம் என்று சின்ன வயதிலிருந்து அவள் நினைத்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மறுநாள் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனீர்கள். அங்கே நீங்கள் என்ன பேசினீர்கள் என்று ஜெசியிடம் கேட்டேன். "ஒண்ணும் பேசல. அப்பா பக்கத்துல சும்மா உக்காந்திருந்தாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு உங்கள் முகத்தில் ஒரு லேசு வந்தது. ஸ்டெல்லா அக்காவிடம் மாமாவைப் பற்றிச் சிரித்துப் பேசினீர்கள். அவருக்குப் பிடித்த மாட்டுக்கறி வறுவலை ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு மறுபடி செய்தீர்கள். இன்னொரு முறை போகலாம் என்று நானே கேட்டேன். "பாத்தாச்சு மாப்ள" என்றீர்கள். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், பலகாரத்துக்கு மாவு சலித்து வைத்துவிட்டு, தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

அத்தை, முன்பெல்லாம் ஜெசி டியூட்டி முடிந்து செருப்பைக் கழற்றும்போதே கேள்வி மேல் கேள்வி கேட்பேன். அவள் எரிந்து விழுவாள். எனக்கும் முகம் வாடிவிடும். இப்போது கேட்பதில்லை. காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நானும் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐசியூவில் என்ன பார்த்துவிட்டு வந்தாளோ. காபி ஆடை கட்டும். பிறகு எப்போதோ அவளாகவே "ஏங்க, இன்னிக்கு இன்னா ஆச்சு தெரியுமா" என்று தொடங்குவாள்.

உங்கள் அன்புள்ள மாப்பிள்ளை