மோர் என்றால் தயிர் அல்ல

மார்ச் 6, 1934, செவ்வாய்

பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு நின்றிருக்கிறது. தயிர்ச்சோற்றுக்குக் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. எங்கள் தீவில் ஜெலுத்தோங் பகுதித் தமிழ்க் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு மாட்டுக்காரர் வீட்டுத் தயிர்தான் காரணம், மாட்டுக் கொட்டகைகளை மூட வேண்டும் என்று பேராசிரியர் கிரெய்டன் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். பாப்பா பிறக்கும்வரை நான் உதவியாளராக இருந்தது இந்த மனிதரிடம்தானா?

மார்ச் 7

"கிருமியைத் தனியாகப் பார்க்காதே, யாரோடு குடியிருக்கிறது என்று பார்." அவர் பாடம் இது. குளத்துச் சேறு, எருக்குழி, அழுகிய இலை என்று இருபது வருஷம் இதையே சொல்லித்தான் பெயர் வாங்கினார். தயிரில் புளிப்புக் கிருமி குடியேறிவிட்டால் மற்றவை பிழைப்பது கஷ்டம் என்று சொன்னதும் அவரே. பிறகு எப்படித் தயிரில் இத்தனை வயிற்றுக் கிருமி? ஒருவேளை நிஜமாக இருந்தால் — என் கையாலேயா ஊட்டினேன்?

மார்ச் 9

மாட்டுக்கார வடிவம்மாள் தயிர் கொண்டு வந்தாள். நான் பாத்திரம் எடுத்து வரவில்லை.

"ஏம்மா, நான் என்ன வெஷமா கொண்டாந்தேன்? அடுத்த வெள்ளிக்குள்ள கொட்டகைய மூடணுமாம். மாட்டையெல்லாம் ஃபெர்ரில ஏத்தி அக்கரைப் பிறைக்கு ஓட்டவா?"

சோதனைக்கு எதை எடுத்துப் போனார்கள் என்று கேட்டேன்.

"தொர ஆளு வந்து மோர் குடுன்னான். குடுத்தேன். வெயில்ல வந்தானேன்னு குடிக்கவும் ஒரு சொம்பு ஊத்தினேன், பாவி."

"என்ன தண்ணி ஊத்திக் கரைச்சே?"

"கெணத்துத் தண்ணிதாம்மா. பின்ன, மோருல பன்னீரா ஊத்துவாங்க?"

மோர். அதைத் தயிர் என்று எழுதியிருக்கிறார்கள். கக்கூஸ் ஓரத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டுத் தயிர்ப்பானைமேல் பழி. போன வாரம் பாப்பாவும் அங்கே இரண்டு மடக்கு மோர் குடித்தாள்.

மார்ச் 10

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே பேராசிரியரிடம் போனேன். இரண்டும் புளித்த பால்தானே என்றார். விளக்கினேன். "தாயான பிறகு உனக்குப் பதற்றம் கூடிவிட்டது, ஓய்வெடு" என்றார். ஏன், பிள்ளை பெற்றால் மூளையைக் கழற்றி வைத்துவிட வேண்டுமா? மதராஸில் நான் படித்தது என்ன, கோலம் போடவா?

வீட்டுக்கு வந்தால் இவர்: "விடு வள்ளி. தொரகிட்ட மோதி என் ஆபீஸ் வேலைக்கு உலை வச்சிராத."

எழுந்து மூன்று காலிப் புட்டிகளைத் தேடி எடுத்தேன்.

மார்ச் 12

கெட்டித் தயிர், மோர், கிணற்றுத் தண்ணீர். மூன்றும் வடிவம்மாள் வீட்டிலிருந்து, மூன்று புட்டியில். பேராசிரியர் மேஜையில் வைத்தேன். "இவற்றில் யார் யாரோடு குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 13

பயமாக இருக்கிறது. நான் நினைப்பது தவறாக இருந்தால் வடிவம்மாளும் போச்சு, பாப்பாவுக்கு நான் செய்ததும் —

மார்ச் 15

பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டுகளைக் காட்டினார். தயிர்த் தட்டில் புளிப்புக் கிருமியைத் தவிர வேறு எதுவும் இல்லை. மோர்த் தட்டும் கிணற்றுத் தட்டும் இரட்டைப் பிள்ளைகள், இரண்டிலும் அதே வயிற்றுக் கிருமி. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "மோர்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கொட்டகையை மூட வேண்டாம், கிணற்றை மூடுங்கள் என்று அப்போதே சுகாதார அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை.

மார்ச் 20

திருத்தம் பத்திரிகையில் வந்துவிட்டது. அருமையான கட்டுரை. கடைசியில்: இந்த வேறுபாட்டைக் கவனத்துக்குக் கொண்டுவந்த திரு. வாசு அவர்களுக்கு நன்றி.

திரு. வாசு! என் வீட்டுக்காரர்! விடு விடு என்ற மனுஷர்!

"ஆபீஸ்ல எல்லாரும் வந்து கைகுலுக்குறாங்க. நான் என்னதான் பண்றது, சொல்லு" என்கிறார். முகத்தில் சிரிப்பு வேறு.

இன்று அவருக்குச் சாப்பாட்டில் மோர் இல்லை.

மார்ச் 23, வெள்ளி

பேராசிரியர் அடுத்து நீச்சத்தண்ணியை ஆராயப் போகிறாராம். காலை வேளைகளில் வரமுடியுமா என்று கேட்டார். பழைய சோறு வேறு, அதன் தண்ணீர் வேறு என்பதாவது தெரியுமா என்றேன். தெரியாது, அதனால்தான் கேட்கிறேன் என்றார். முதலில் என் பெயரை எழுதுங்கள் என்றேன். பேனாவை எடுத்தார். வள்ளியம்மா. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். 'லி' என்று வாயைக் கோணினார். அது 'ள்ளி' என்றேன். அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

பாப்பாவை வடிவம்மாளிடம் விட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கன்னமெல்லாம் தயிர் காய்ந்து கிடந்தது. துடைக்கவில்லை.