இஞ்சின் கொட்டகைக் கதவு

உப்பளம்,
26.2.2024

கொக்கு மச்சான்,

இந்தப் பேரைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டில் யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சின்ன வயதில் உவர்த் தண்ணீருக்குள் ஒற்றைக் காலில் நின்று முள் எடுத்துக்கொண்டிருந்தாயே, அன்றைக்கு நான் வைத்த பேர். ஊருக்கு முன்னால் வாங்க, போங்க. கடிதத்தில் நீதான்.

போனை எடுத்தால் நீ பேசுவதற்கு முன்னால் உன் இருமல் பேசுகிறது. அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோழி கிளறியது போல்தான் இருக்கும். உன்னோடு இருக்கிற நம் மகள் கோகிலா துணி மாற்ற வீட்டுக்கு வரும்போது அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

பாத்தி மிதித்து முடித்தாயிற்று. தண்ணீர் கட்டியிருக்கிறோம். வெயில் நல்ல வெயில். தண்ணீர் இறைக்கிற உன் டீசல் இஞ்சினைக் கூத்தையா அண்ணன்தான் ஓட்டுகிறார். ஒவ்வொரு தரம் சுற்றும்போதும் அதன் பரம்பரையையே திட்டுகிறார். "ஏ பூமயிலு, இது ஒம் புருசன் சொன்னாத்தான் கேக்கும்போல. எனக்கு மருமக மாதிரி மொகத்தத் திருப்புது" என்கிறார்.

மத்தியானம் வழக்கம்போல எல்லாரும் இஞ்சின் கொட்டகைக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். இந்தப் பொட்டலில் வேறு நிழல் ஏது? ரம்ஜான் பீவி அக்காவுக்கும் இருமல். சோற்றில் கரி விழுந்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு, "அல்லாஹ் குடுத்த மிளகு" என்று சொல்லிச் சாப்பிட்டது.

நான் கொடுத்துவிட்ட கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டாயாம். மகள் சொல்லிவிட்டாள். என் மேல் கோபம் இருந்தால் என்னிடம் காட்டு, கஞ்சியிடம் காட்டாதே.

உன்
மயிலு

மதுரை,
3.3.2024

மயிலு,

கடிதம் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் "யாருய்யா கொக்கு?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்வதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

இன்றைக்குப் பெரிய டாக்டர் வந்தார். எத்தனை வருசமாகப் பீடி குடிக்கிறாய் என்றார். "நான் தொட்டதே இல்ல சார். இஞ்சின்தான் குடிச்சது. அது விட்டத நான் வாங்கிக்கிட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எங்கே உட்காருவாய், சன்னல் உண்டா என்று கேட்டார். சன்னல் இல்லை, கதவு உண்டு, அதையும் அடைத்துத்தான் வைப்போம் என்றேன். அதற்குப் பிறகு கோகிலாவையும் மூச்சை அளக்கிற ஒரு குழாயில் ஊதச் சொன்னார். அவள் வயதுக்கு முள் இன்னும் மேலே ஏற வேண்டுமாம். சளியாக இருக்கும். நீ பயப்படாதே.

கூத்தையாவிடம் சொல். கொட்டகைக் கதவை எந்நேரமும் அடைத்து வைக்கட்டும். உப்புக்காற்று உள்ளே புகுந்தால் ஒரே கோடையில் இஞ்சினைத் தின்றுவிடும். புகைக்குழாயை ஏற்கெனவே தின்றுவிட்டது. என் அய்யா கையிலிருந்து என் கைக்கு வந்த வேலை அது. எனக்குப் பிறகு இஞ்சின் நம் வீட்டை விட்டுப் போகக் கூடாது. கோகிலாவுக்குச் சுற்றுவதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். நல்ல கை அவளுக்கு.

கஞ்சியில் உப்பு இல்லை. உப்பளத்துக்காரி கொடுத்துவிடுகிற கஞ்சியா அது?

தனுஷ்கோடி

உப்பளம்,
14.5.2024

கொக்கு மச்சான்,

பங்குனியில் உன்னைக் கொண்டுவந்தோம். பேசாத ஆளாகக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு நான் யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஆனால் உனக்கு எழுதிப் பழகிவிட்டது, நிறுத்த முடியவில்லை. எழுதி உன் ஸ்பேனர் பெட்டியில் போடுகிறேன். நீ எங்கே இருந்தாலும் அந்தப் பெட்டியைத் தேடி வருவாய் என்று எனக்குத் தெரியும்.

கஞ்சியில் உப்புப் போடக் கூடாது என்று டாக்டர்தான் சொன்னார். அதைச் சொல்வதற்குள் போய்விட்டாய்.

உன்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. இரும்பை உப்பு தின்னக் கூடாது என்று கதவை அடைத்தாய். உள்ளே உன்னைப் புகை தின்றது. இரும்பு இன்னும் நன்றாக இருக்கிறது மச்சான். நேற்றுத் துடைத்தேன், பளபளவென்று இருக்கிறது.

காரியம் முடிந்து, எல்லாரும் கூட்டாகப் பார்க்கிற நம் அளத்துக்குப் போன அன்றைக்கே பேச்சு வந்தது. வழக்கப்படி இஞ்சின் வேலை உன் வீட்டுக்குத்தானாம். கோகிலா எழுந்து, "அய்யா சொல்லிட்டுப் போயிருக்காரு, நான் ஓட்டுறேன்" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். எழுந்த வேகத்தில் அவளுக்கு மூச்சு இளைத்தது. எனக்கு மட்டும்தான் அது கேட்டது. சின்னப்பிள்ளையாக உனக்குச் சோறு கொண்டுவந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை. நிழல் என்று நினைத்து நாம்தானே அங்கே உட்கார வைத்தோம்.

நான் சொன்னேன், இனி அந்தக் கொட்டகைக்குள் என் வீட்டு மூச்சு போகாது என்று. சோலார் போடுவோம் என்றேன். மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு தரம் சொன்னார்களே, மானியம் உண்டு, பாக்கிக்கு வங்கி கடன் கொடுக்கும் என்று, அதுதான்.

கூத்தையா அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "வெயிலு தண்ணி எறைக்குமாம்! நாளைக்கு நிலா வந்து துணி தொவைக்கும், போயி ஊற வை!" என்றார்.

"ஏண்ணே, இத்தன வருசமா உப்ப வெளைய வைக்கிறது யாரு, நீயா? அதே வெயிலுதான தண்ணியையும் எறைக்கப் போகுது" என்றேன்.

"சரித்தா, மழ மூட்டம் போட்டா என்ன செய்வே?"

"மழ மூட்டத்துல நீ உப்பு அள்ளுவியாண்ணே?"

பீவி அக்கா இருமிக்கொண்டே கையைத் தட்டியது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்கினார்கள்.

ஆனால் நம் மகள் என்னோடு பேசவில்லை. "அய்யா பேச்ச அழிச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நீ இருந்திருந்தால் அவள் பக்கம்தான் நின்றிருப்பாய். தெரிந்துதான் செய்கிறேன்.

உன்
மயிலு

உப்பளம்,
9.3.2025

கொக்கு மச்சான்,

தை கடைசியில் பலகைகள் வந்தன. ஆள் உயரத்துக்கு மேல் தூண் நிறுத்தி அதன்மேல் பூட்டச் சொன்னேன். கீழேயே வைத்தால் செலவு குறையும் என்று பொருத்த வந்த தம்பி சொன்னான். "செலவு போகட்டும், எங்களுக்கு நெழலு வேணும் தம்பி" என்றேன். கொஞ்ச நேரம் அளத்தைச் சுற்றிப் பார்த்தான். ஒரு மரம் இல்லை. பிறகு உயரத் தூணாக இறக்கினான்.

முதல் நாள் மோட்டார் சத்தமே இல்லாமல் தண்ணீரைக் கொட்டியது. பெண்கள் குலவை போட்டார்கள். நான் அழுதேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் நல்ல கடிதமாக இருந்திருக்கும்.

மாசி பாதியில் தண்ணீர் குறைந்தது. பிறகு நூலாக வந்தது. பிறகு நின்றே போனது. பாத்தி வெடிக்க ஆரம்பித்தது. கூத்தையா அண்ணன் பலகைக்குக் கீழே நின்று, "பாவம், செத்துப் போச்சு. பதினாறு எப்பத்தா?" என்று கேட்டார். மறுபடியும் இஞ்சினைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கோகிலா என்னைக் கேட்கவில்லை. நேரே கொட்டகைக்குள் போய், கதவை அடைத்துக்கொண்டு சுற்றினாள்.

நாலாம் நாள் மத்தியானம் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆளைக் காணவில்லை. கதவை இழுத்துத் திறந்தேன். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள் மச்சான். உதடு நீலம். தோள் ரெண்டும் காதுக்கு ஏறி ஏறி இறங்குகிறது. உனக்கு ஏறியது போலவே. பீவி அக்காவும் நானும் தூக்கி வெளியே போட்டோம். ஆட்டோவில் ராமநாதபுரம் போய் மூக்கில் மருந்துப்புகை வைத்த பிறகுதான் என் பெயரைச் சொன்னாள். அம்மா என்று சொல்லவில்லை. "ஏ மயிலு" என்றாள், உன்னைப் போலவே. சிரிப்பதா, அறைவதா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவளை வீட்டில் படுக்க வைத்துவிட்டு அளத்துக்கு வந்தேன். ஏணி போட்டு ஏறி அந்தப் பலகையின் முகத்தைப் பார்த்தேன். மங்கிக் கிடந்தது, கண்ணில் பூ விழுந்த மாதிரி. விரலால் தேய்த்து நாக்கில் வைத்தேன்.

உப்பு!

யார் போட்டது? நான்தான் மச்சான். தூசி படியாமல் கழுவ வேண்டும் என்று அந்தத் தம்பி சொல்லிவிட்டுப் போனான், தினமும் விடிந்ததும் பூசை மாதிரி கழுவினேன், பாத்தித் தண்ணீரை மொண்டு. இங்கே கை கால் கழுவ, சட்டி கழுவ, எல்லாவற்றுக்கும் அதுதானே. லாரியில் வருகிற நல்ல தண்ணீரைக் கண்ணாடிக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? கழுவக் கழுவ அதன்மேல் நான் உப்பு விளைவித்திருக்கிறேன்.

பீவி அக்காவிடம் சொன்னேன். அது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "உப்பளத்துக்காரிக்கு எடத்தக் குடுத்தா கண்ணாடியிலயும் அறுவட பாத்துருவாளே!" என்றது. அப்புறம் தன் வீட்டுக் குடிதண்ணீர் ரெண்டு குடத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தது. ஊறவைத்துத் துடைத்தோம். உன் பழைய கைலியைத்தான் கிழித்தேன். வேறு எந்தத் துணியும் அவ்வளவு மெத்தென்று இல்லை.

மத்தியானத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. கூத்தையா அண்ணனைப் போய்க் கூப்பிட்டேன், பதினாறுக்கு வாங்க என்று.

உன்
மயிலு

உப்பளம்,
20.6.2025

என் கொக்கு மச்சான்,

இந்தக் கடிதத்தைப் பலகைக்குக் கீழே, நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடிகாலையில் குளிர்ந்த பலகைமேல் பனி முத்துக் கட்டியிருக்கும்போதே ஏறித் துடைத்துவிடுகிறோம். பனித்தண்ணீர் நல்ல தண்ணீர்தானே, குடமும் தேவையில்லை. முறை போட்டுத் துடைக்கிறோம். உன் கைலி இன்னும் தாங்குகிறது.

சித்திரை வெயிலில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. வெயில் ஏற ஏறத் தண்ணீர் ஏறியது. உச்சியில் உப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கொட்டியது. டீசல் கேன் தூக்கி என் தோளில் இருந்த காய்ப்பு உதிர்ந்துவிட்டது. கொட்டகைக்குப் பக்கத்துப் பாத்தி உப்பில் எப்போதும் கறுப்புப் பொடி இருக்கும், வியாபாரி முகத்தைச் சுளிப்பான், ஞாபகம் இருக்கிறதா? இந்த வருசம் அந்தப் பாத்தியைத்தான் முதலில் கேட்டான். வெள்ளையென்றால் அப்படி ஒரு வெள்ளை, கண் கூசுகிறது.

மத்தியானம் எல்லாரும் இதன் கீழேதான் சாப்பிடுகிறோம். முதல் நாள் சாப்பிடும்போது பீவி அக்கா திடீரென்று கையைக் காட்டிச் சும்மா இருக்கச் சொன்னது. என்னவென்று பார்த்தால் கடல் சத்தம். இவ்வளவு பக்கத்தில் கடல் இருந்து, சோறு தின்னும் நேரத்தில் அதை நாங்கள் கேட்டதே இல்லை. அக்காவுக்கு இருமல் முழுதாகப் போகவில்லை, ஆனால் இரவில் தூங்குகிறது.

கூத்தையா அண்ணன் மூணு மாதம் வெயிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார், வைராக்கியம். போன வாரம் தூக்குவாளியோடு மெல்ல வந்து ஓரமாக உட்கார்ந்தார். நான் பார்த்தேன். "நெழலுக்குத்தான் வந்தேன், சோலாருக்கு வரல" என்றார். பீவி அக்கா விடவில்லை. "அண்ணே, நிலா துணி தொவைச்சு முடிச்சிருச்சா?" என்று கேட்டது. அவருக்கே சிரிப்புத் தாங்காமல் சோறு புரையேறிவிட்டது. இன்றைக்குத் துடைக்கிற முறை அவருடையது.

கடைசியாக வைத்திருக்கிற செய்தி கோகிலா. நேற்று மதுரையில் அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். அதே குழாய். மூச்சை இழுத்துப் பிடித்து ஊதினாள். முள் ஏறியது மச்சான், அவர் கை வைத்துக் காட்டிய இடத்தைத் தாண்டி ஏறியது! "எங்க வேல பாக்குறேம்மா?" என்று கேட்டார். "உப்பளத்துல தண்ணி எறைக்கிறேன் சார். எங்கய்யா வேல" என்றாள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருசத்துக்குப் பிறகு பிடித்த கை. மோட்டார் இப்போது அவள் பொறுப்புதான். பக்கத்து அளத்துக்காரர்கள் தங்களுக்கும் போட வேண்டும் என்று அவளைத்தான் வந்து கேட்கிறார்கள். நீ சொன்ன மாதிரியே வேலை நம் வீட்டை விட்டுப் போகவில்லை.

நீ சொன்னதில் ஒன்றை மட்டும் பத்து நாளைக்கு முன்னால் மீறினேன். இஞ்சினை எடைக்குப் போடலாம் என்றார்கள், நான் விடவில்லை. அது அங்கேயே நிற்கட்டும். ஆனால் கொட்டகைக் கதவின் கொண்டியை எடுத்துவிட்டு, ரெண்டு பக்கமும் அகலத் திறந்து கல்லை வைத்துவிட்டேன். கடல்காற்று ஒரு பக்கம் புகுந்து உன் முக்காலியைச் சுற்றி வருகிறது. கரி வாசனை போய்க்கொண்டிருக்கிறது. இஞ்சின் மேல் இப்போதே செம்பொடியாகத் துரு பூத்திருக்கிறது. நான் துடைக்கவில்லை.

உன்
மயிலு

கதவு திறந்து கிடக்கிறதே என்று உனக்குக் கோபமா மச்சான், இல்லை, இப்போதாவது மூச்சு விடச் சுகமாக இருக்கிறதா?