ஏழாம் அடிக்குறிப்பு

பல்கலைக்கழகப் பெண்கள் விடுதி
5.1.2014

அன்புள்ள பளீலா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதோடு வரும் புத்தகத்தை முதலில் மணந்து பாருங்கள், அச்சு மை இன்னும் காயவில்லை. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் உங்கள் பக்கத்து வீட்டு ருஷ்தாவின் கட்டுரை! வாப்பா இருந்திருந்தால் கரை முழுக்கக் காட்டித் திரிந்திருப்பார்.

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பவைதான் அடிக்குறிப்புகள். சொன்னவர் பெயர், தொழில், சொன்ன இடம், தேதி. இந்த ஒழுங்கு மாறக் கூடாது. ஒரு காற்புள்ளி பிசகினாலும் என் மேற்பார்வையாளர் மேடம் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுவிடுவார். ஏழாவது குறிப்பு நீங்கள்:

“ஹவ்வா, கருவாடு காயவைப்பவர், அவரது வீட்டில், 14.11.2012.”

பயப்படாதீர்கள். வாக்குக் கொடுத்தபடி உங்கள் பெயரை மாற்றிவிட்டேன். ஹவ்வா உலகத்துப் பெண்களுக்கெல்லாம் தாய், அந்தப் பெயருக்குள் யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். விதவைகளுக்கென்று வந்த நிவாரண வலைகளை மீனவர் சங்கத் தலைவர் தன் தம்பிமாருக்குக் கொடுத்ததை, நீங்கள் சொன்ன சொல்லிலேயே போட்டிருக்கிறேன். அந்தப் பந்தியைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள்.

அத்தாஉல்லா சேருக்கும் பள்ளிக்கூட நூலகத்துக்காக ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். ஃபஸ்லான் மச்சானுக்கு என் சலாம். கருவாட்டுப் பார்சல் எங்கே? விடுதிச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை.

உங்கள் தங்கச்சி,
ருஷ்தா


குறிஞ்சிப்பிட்டி
24.1.2014

தங்கச்சி ருஷ்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். போன் இவருடைய கையில் இருக்கிறது, கதைத்தால் வீடு முழுக்கக் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

நீ என்ன வேலை பார்த்து வைத்திருக்கிறாய்? உன் புத்தகத்தை அத்தாஉல்லா சேர் தேத்தண்ணிக் கடையில் வைத்து வாசித்துக் காட்டியிருக்கிறார். பெருமைக்குத்தான் வாசித்தார், பாவம். வலைக் கதை வந்ததும் “இத ஆரு சொன்ன?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கீழே பார்த்து “ஹவ்வா” என்று வாசித்துவிட்டார்.

எங்கள் கரையில் ஒரு ஹவ்வா இருக்கிறாள், ருஷ்தா. கடலில் மௌத்தான சாஹுல் ஹமீதின் மனைவி. எலுவன்குளத்திலிருந்து கட்டி வந்தவள். அவள் விதவை, அவளுக்கும் வலை கிடைக்கவில்லை, அவளும் கருவாடுதான் காயவைக்கிறாள். நீ போட்ட தேதியில் அவள் இத்தாவில் இருந்தாள். புருஷன் போய் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் அடங்கி இருக்க வேண்டியவள், உன்னைக் கூப்பிட்டு வைத்து, ஆம்பிளைகள் கேட்கும்படி குரலை ரெக்கோட் பண்ணக் கொடுத்தாளாம். தலைவர் ஜபார் அதைத்தான் பிடித்துக்கொண்டார். வலைக் கதை போய்விட்டது, இத்தாக் கதைதான் நடக்கிறது.

அவள் குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். “புத்தகத்துல அச்சடிச்சி இரிக்கி, நீ இல்லெண்டா வேற ஆரு?” என்கிறார்கள். எந்தப் போட்டும் அவளுக்கு மீன் கொடுப்பதில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. இவர் ஜபாருடைய போட்டில் போகிறவர் என்று உனக்குத் தெரியும்தானே.

சீக்கிரம் ஏதாவது செய்.

உன் ராத்தா,
பளீலா


விடுதி
2.2.2014

அன்புள்ள ராத்தா,

உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு நாள் ஆகிறது.

பெயர்கள் மாற்றப்பட்டவை என்று கட்டுரையின் முன்பகுதியில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு குறிப்பிலும்தான் எழுதியிருந்தேன், “ஒரு தடவை போதும், இடம் வீண்” என்று மேடம் வெட்டிவிட்டார். நான் எதிர்த்துக் கதைக்கவில்லை. முன்பகுதியை யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த வீட்டை எல்லோரும் “சாஹுல் ஹமீதுட வீடு” என்றார்கள், அவவை “சாஹுல் ஹமீதுட பொண்டாட்டி” என்றார்கள். கரையில் யாரும் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையே. பதினொரு பெண்களின் பெயரைக் கேட்டுக் கொப்பியில் எழுதிய நான், இத்தா வீடு என்று அந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டேன்.

சொன்னது அந்த ஹவ்வா இல்லை என்று சங்கத்துக்கு எழுதலாம். ஆனால் “அப்ப ஆரு?” என்று கேட்பார்கள். மற்றப் பத்துப் பேரோடும் நான் கரையில் கருவாடு போடும் வாடியில் வைத்துத்தான் கதைத்தேன், எல்லோரும் பார்த்தார்கள். வீட்டில் வைத்துக் கதைத்தது உங்களோடு மட்டும். “அவரது வீட்டில்” என்று நானே எழுதி வைத்திருக்கிறேன், ராத்தா. அதைப் பார்த்தால் நேரே உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

உங்களைக் காட்டிக் கொடுத்தால் ஆய்வே நிராகரிக்கப்படலாம் என்று மேடம் சொல்கிறார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ருஷ்தா


குறிஞ்சிப்பிட்டி
13.2.2014

ருஷ்தா,

உன் மேடத்துக்குக் காற்புள்ளி பெரிது. உனக்கு ஆய்வு பெரிது. எனக்கு இவருடைய தொழில் பெரிது. ஹவ்வாவுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லு பார்ப்போம்?

அவள் இப்போது நுரைச்சோலைக்கு வெங்காயம் பிடுங்கப் போகிறாள். விடிய எழும்பி என் வேலியோரமாகத்தான் நடக்கிறாள். அவள் தாண்டும் வரைக்கும் நான் குசினிக்குள் நின்றுகொள்கிறேன். நேற்று அவளுடைய கருவாட்டுப் பரண் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்து இவர், “பாவம், ஆனா வாய அடக்கி இரிக்கணும்” என்றார். இந்த மனுஷனோடு பதினாறு வருஷமாக ஒரே சட்டியில் தின்கிறேன், ஒரு சொல் சொல்ல முடியவில்லை.

படித்தவள் நீதானே, எழுதியவளும் நீதானே. நீ வா. வந்து கரையில் நின்று உன் வாயால் சொல்லு.

பளீலா


விடுதி
23.2.2014

அன்புள்ள ராத்தா,

அடுத்த மாதம் வாய்மொழிப் பரீட்சை. இப்போது வர முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். பிழை முழுக்க என்னுடையது, அந்த ஹவ்வாவை நான் கண்டதே இல்லை என்று கையெழுத்தோடு எழுதியிருக்கிறேன். கொடுப்பதா கிழிப்பதா என்பது உங்கள் விருப்பம். உங்கள் சம்மதம் இல்லாமல் நான் எதுவும் செய்ய மாட்டேன்.

உங்களை நினைக்காத நாள் இல்லை.

உங்கள் தங்கச்சி,
ருஷ்தா


குறிஞ்சிப்பிட்டி
11.3.2014

ருஷ்தா,

உன் கடிதத்தைக் கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. பாண் சுற்றி வந்த கடதாசியோடு அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சங்கக் கூட்டம். பெண்கள் அங்கே போவதில்லை. நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். முன்பகுதியை வாசிக்கச் சொல்லி அத்தாஉல்லா சேரிடம் கொடுத்தேன். அவர் வாசித்து முடித்ததும், “வலக் கதய சொன்ன நான்தான். என்ட ஊட்ல வெச்சித்தான் சொன்ன. இப்பயும் சொல்றன்” என்றேன்.

ஜபார் என்னைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார். “மச்சான், நாளைக்கி நீ கடலுக்கு வர வேணாம்.” அவ்வளவுதான். இவர் எழும்பிப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தும் என்னோடு கதைப்பதில்லை.

நேராக ஹவ்வாவிடம் போய் மாப்புக் கேட்டேன். அவள் அழவில்லை. “ரெண்டு மாசமா என்ட வாசலால போய் வந்தீங்க, ஒரு நாளாவது நிண்டீங்களா?” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கேட்டது நியாயம்தான். இப்போது அவளுக்கு மீன் கொடுக்கிறார்கள், எனக்கு இல்லை.

அவளுக்காவது என் முகத்தைப் பார்த்துக் கேட்க முடிந்தது. நான் யாரைப் பார்த்துக் கேட்பது? என் விருப்பம் என்று எழுதி அனுப்பினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் தலையில் இருந்ததை மடித்து என் கைக்குத் தபாலில் அனுப்பினாய். ஹவ்வாவுக்கு ஒரு வரி எழுதினாயா?

இனி எனக்குக் கடிதம் போடாதே. பரீட்சையில் நல்லபடி தேறு, துஆச் செய்கிறேன். திரும்ப அச்சடித்தால் ஏழாவது குறிப்பைத் திருத்து. நீ சொல்லித் தந்த ஒழுங்கிலேயே கீழே எழுதியிருக்கிறேன், உன் மேடம் வட்டம் போட இடம் இருக்காது.

பளீலா, கருவாடு காயவைப்பவர், சங்கக் கூட்டத்தில், 7.3.2014.